கடல் கோபம் கொண்டிருந்தது

திருக்கடலூர்ப் பையன் ஒருவனின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பியில் நான் செய்த திருத்தம் இரண்டு மாதமாக மனதை விட்டுப் போகவில்லை. மாரிக்காலத்தில் ஒருநாள் என்பது தலைப்பு. வாடைக்காற்றுக்குப் பயந்து தகப்பனும் சித்தப்பாவும் வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றியதை எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி: "த சீ வோஸ் ஹேவிங் ஆங்கர்."

பிழை எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. 'கடல் கோபம் கொண்டிருந்தது' என்ற தமிழை அப்படியே இறக்கிவிட்டான். 'கொண்டிருந்தது' என்பது 'ஹேவிங்' ஆகிவிட்டது. ஒரு குணமோ உணர்வோ இருப்பதைச் சொல்லும் 'ஹேவ்' அந்த 'ஐஎன்ஜி'யை ஏற்காது. 'த சீ வோஸ் ஆங்ரி' என்று மாற்றினால் போதும். நான் அப்படி மாற்றவில்லை. கோபத்தை வெட்டிவிட்டு 'ரஃப்', அதாவது கொந்தளிப்பு, என்று எழுதினேன்.

"ரீச்சர், கடல் அண்டைக்குக் கோவமாத்தான் இருந்தது" என்றான்.

"சோதினைக்கு அப்பிடி எழுதேலாது, தம்பி."

ஏன் அப்படிச் சொன்னேன்? எழுதலாமே. 'ரஃப் சீ' என்பதுதான் ஆங்கிலத்தில் இயல்பான வழக்கு, அதில் சந்தேகமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைய வேண்டிய பிள்ளைக்குப் பாதுகாப்பான சொல்லைக் கொடுப்பது என் கடமை என்று இப்போதும் நம்புகிறேன். அவசரத்தில் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பேனையைத் தூக்கி யோசித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

ஆனால் அதே பின்னேரம், ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான், ஆங்கில இலக்கிய வகுப்பில் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் 1802இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை வைத்து எழுதிய சொனெட்டை, அந்தப் பதினான்கு வரிக் கவிதையை, நடத்தியிருந்தேன். அதில் லண்டன் நகரம் காலையின் அழகை உடுப்பாக உடுத்தியிருக்கும். வீடுகள் உறங்கும். தேம்ஸ் ஆறு தன் விருப்பப்படி போகும். உயிரில்லாததற்கு மனிதக் குணம் கொடுப்பதுதான் இந்தக் கவிதையின் அழகு என்று பலகையில் எழுதிக் கோடும் போட்டேன். அவன் அந்த வகுப்பில் இல்லை. இலக்கியம் அவன் எடுக்காத பாடம். அதனால் அவனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

கட்டுரையில் தெளிவு வேண்டும், கவிதைக்கு வேறு கணக்கு என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். சரிதான். ஆனால் அவன் கவிதை எழுத வரவில்லை, கண்ட கடலைத்தான் எழுதினான்.

போன கிழமை இன்னொரு கட்டுரை கொண்டுவந்தான். 'ரஃப்' மூன்று இடத்தில் இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பழைய பக்கத்தைப் புரட்டி, "இதில 'ஆங்ரி' எண்டும் எழுதலாம், தம்பி. அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு சொல்லையும் பார்த்தான்.

"சோதினைக்கு எதை எழுத, ரீச்சர்?"

"ரெண்டும் சரி" என்றேன். அவன் பேனையைப் பிடித்தபடியே இருந்தான்.