ஐந்து நட்டும் ஆறு நட்டும்

டென்வருக்கு வந்த முதல் அக்டோபரில் 1984 மாடல் டொயோட்டா பிக்கப் ஒன்றை 2,800 டாலருக்கு வாங்கினேன். பழைய சோபாவும் கட்டிலும் ஏற்றிவர வண்டி வேண்டியிருந்தது என்பது வீட்டில் சொன்ன காரணம். உண்மையில் பானெட்டைத் திறந்ததும் அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. 2.4 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின், சுற்றிலும் கை நுழைகிற அளவுக்கு இடம். போடியில் மாமா வைத்திருந்த மகிந்திரா ஜீப்பின் வாசனைகூட அதில் இருந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறி இறங்கியவர் அவர்.

நவம்பரில் முதல் பனி. அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலிருந்து தெருவுக்கு ஏற ஒரு சின்னச் சரிவு, வேகத்தடையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். என் வண்டிக்குப் பின்சக்கரங்களில் மட்டும்தான் இழுவை. பின்னால் பெட்டி காலி, எடையே இல்லை. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன, பின்பக்கம் மட்டும் மெதுவாக நகர்ந்துபோய்க் குப்பைத்தொட்டியில் சாய்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள சிறிய ஃபோர் வீல் காரில் என்னைத் தாண்டிப் போகும்போது கை வேறு ஆட்டினார்.

அன்று இரவு மாமாவுக்கு வாட்ஸப்பில் போன் போட்டு, என் வண்டியையும் ஃபோர் வீலாக மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"இதுக்கா மாப்ள இவ்வளவு கவலை? முன்னாடி ஒரு ஹவுசிங், கியர் பாக்ஸுக்குப் பின்னாடி ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், ரெண்டு ஷாஃப்ட். நல்ல வெல்டர் இருந்தா ஒரு வாரம்."

ஹவுசிங் என்றால் அச்சின் கூடு, டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி. அவர் சொன்ன பட்டியலில் தப்பு இல்லை. ஆனால் அது ஜீப்பை வைத்துச் சொன்னது. ஜீப்புக்கு முன்னாலும் பட்டை ஸ்பிரிங், அதன்மேல் குறுக்கே ஒரே அச்சு. என் பிக்கப்புக்கு முன்னால் அப்படி எதுவும் கிடையாது. இரண்டு சக்கரமும் தனித்தனிக் கைகளில், முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியில் நிற்கின்றன. முதலில் அதையெல்லாம் அறுத்து எடுத்து, சேசிஸில் ஸ்பிரிங் தாங்கும் இடங்களைப் புதிதாக வெல்டிங் செய்தால்தான் அச்சை மாட்டவே முடியும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஊர் எல்லையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக். வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. "சக்கரத்தில் எத்தனை நட்டு?" என்று கேட்டார். வெளியே போய்க் குனிந்து, பனியைக் கையால் தள்ளிவிட்டு எண்ணினேன். ஐந்து. ஃபோர் வீல் டொயோட்டாவுக்கு ஆறு. "அப்படியானால் பின் அச்சும் மாற வேண்டும், நான்கு ரிம்மும் மாற வேண்டும்" என்றார். பின் அச்சு மாற இன்னொரு காரணமும் உண்டு. முன்னாலும் பின்னாலும் கியர் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கி ஏதாவது ஒன்று உடையும்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன்மேலேயே கணக்குப் போட்டார். இந்த ஊரில் விற்ற டொயோட்டா பிக்கப்புகளில் 1979 முதல் 1985 வரையிலான ஃபோர் வீல் வண்டிகளில்தான் முன்னால் ஒரே அச்சு வரும். 1986 மாடலில் அதையும் தனித்தனியாக்கிவிட்டார்கள். வண்டியிலேயே பாறை ஏறும் கூட்டம் அந்தப் பழைய அச்சைத் தேடி அலைவதால் காயலான் கடையில்கூட விலை இறங்காது. முன் அச்சு 900. பின் அச்சு 400. டிரான்ஸ்ஃபர் கேஸ் என் கியர் பாக்ஸில் நேராக உட்காராது, ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்க 800. ஸ்பிரிங், ஷாக், தாங்கிகள் 1,400. அளவுக்குச் செய்த ஷாஃப்ட்டுகள் 700. ஸ்டியரிங் மாற்ற 600. ஆறு நட்டு ரிம்மும் டயரும் 1,100. ஆகப் பொருள் மட்டும் 5,900 டாலர்.

அப்புறம் கூலி. 40 மணி நேரம், மணிக்கு 125. அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. நம்மூரில் சாமானுக்குத்தான் யோசிப்போம். கூலியை டீக்கு நடுவே பேசி முடித்துவிடுவோம். இங்கே ஒரு வாரக் கூலி 5,000, நான் வண்டியே வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொத்தம் 10,900. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரே ஒரு எண் எழுதினார்: 8,000. கம்பெனியிலேயே ஃபோர் வீலாக வந்த அதே வயது வண்டியின் விலை. வேலை கிடைக்கும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவிடம் கூலியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மணிக்கா, நாளுக்கா?" என்றார். மணிக்கு என்றதும், "விசாவுக்கு என்ன செலவாகும் மாப்ள?"

கடைசியில் செய்தது வேறு. மலைக்குப் போகும் ஐ-70 சாலையில் மாரிசனுக்கும் டாட்சீரோவுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டயர் விதி உண்டு. ஃபோர் வீல்தான் வேண்டும் என்று அதில் இல்லை. பூ, அதாவது டயரின் வெட்டு, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஆழம் உள்ள பனி டயர் இருந்தால் போதும். நான்கு பனி டயர் 520 டாலர். ஹார்டுவேர் கடையில் இதற்கென்றே நீளமான பைகளில் மணல் விற்கிறார்கள், ஒன்று 60 பவுண்டு. நான்கு வாங்கிப் பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கிக் கட்டினேன்.

அதே சரிவில் மறுநாள் இரண்டாவது கியரில் மெதுவாக ஏற்றினேன், ஏறிவிட்டது. ஜனவரியில் ஒரு பை கிழிந்து ஈரம் இறங்கி, மணல் பாறையாக உறைந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் வரை அதை அசைக்க முடியவில்லை. படம் அனுப்பினேன். "ஏறுதுல்ல, விடு" என்று பதில் வந்தது.