நாலு எண்ணை மட்டும் பார்த்து லாரியை ஓரங்கட்டினால்

வைகுந்தமோ விஜயமங்கலமோ, டோல்கேட்டுக்கு முன்னால் வண்டி மெதுவாகும் இடத்தில் போனும் கையுமாக இரண்டு பேர் நின்றால் லாரி டிரைவருக்கு விளக்கம் தேவையில்லை. சீசிங் பார்ட்டி, அதாவது கடன் தவணை (டியூ) கட்டாத வண்டியைப் பைனான்ஸுக்காகப் பிடிக்கும் ஆட்கள். வரும் வண்டியின் கடைசி நாலு எண்ணைத் தட்டிப் பார்ப்பார்கள். டியூ நிற்கும் வண்டிகளின் பட்டியலில் இருந்தால் பைக்கில் துரத்தி வந்து, "அண்ணா, டியூ நிக்குதுங்க, ஓரங்கட்டுங்க" என்பார்கள். டியூ உண்மையிலேயே நிற்கிறது என்றால் அது வேறு பேச்சு. டியூ பாக்கியே இல்லாத வண்டி, அல்லது அந்தப் பைனான்ஸோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத வண்டி பிடிபடுவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அப்படிப் பிடிபட்டு ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இது சிவில் மேட்டர், பைனான்ஸில் போய்ப் பேசிக்குங்க." இந்த இடத்தில் அந்தப் பதில் தவறு. லாரி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அது ஏன் தவறு என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தப்பு தொடங்குவதே அந்த நாலு எண்ணில். ஒவ்வொரு சீரிஸும் 9999 வரை ஓடி முடிந்தபின் அடுத்த எழுத்துக்குப் போகிறது. ஒரு ஆர்.டி.ஓ.வில் இருபது சீரிஸ் ஓடியிருந்தால் ஒரே நாலு எண் இருபது வண்டிகளில் இருக்கும். நாமக்கல்லின் 28, திருச்செங்கோட்டின் 34, சங்ககிரியின் 52 என்று பக்கத்துப் பக்கத்து ஆர்.டி.ஓ.க்களைச் சேர்த்தால் இன்னும் பெருகும். லாரி, ரிக் (போர்வெல் போடும் வண்டி), டேங்கர் என்று கனரக வண்டிகள் குவிந்திருக்கும் வட்டாரம் இது. அதனால் நாலு எண்ணோடு வண்டியின் வகையும் ஒத்துப்போவது ஒன்றும் அபூர்வமில்லை. முழு நம்பரையும் பிறகு சேசிஸ் நம்பரையும் (வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்) பார்த்தால் அரை நிமிடத்தில் தெளிவாகிவிடும். ஆனால் பிடிப்பவருக்குக் கூலி வண்டிக் கணக்கில். சரிபார்ப்பதற்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை, தாமதித்தால் பக்கத்து ஏஜென்சிக்காரர் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

இரண்டாவது காரணம் பழைய பட்டியல். மாத முதல் வாரத்தில் செக் திரும்பும். இரண்டு நாள் கழித்து ஓனர் கிளையில் ரொக்கமாகக் கட்டி ரசீதும் வாங்கிவிடுவார். அதற்குள் பட்டியல் ஏஜென்சிக்குப் போயிருக்கும், அங்கிருந்து வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் பரவியிருக்கும். கட்டிய செய்தி அவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை. ஒரே பட்டியல் இரண்டு மூன்று ஏஜென்சிகளிடம் இருந்தால், ஒருவர் விட்ட வண்டியை அடுத்த மாவட்டத்தில் இன்னொருவர் பிடிப்பார். சத்தீஸ்கர், ஆந்திரா என்று மாதக்கணக்கில் வெளியே ஓடும் ரிக் வண்டிகளுக்கு இது பெரிய தலைவலி. ரசீது திருச்செங்கோட்டில், வண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

மூன்றாவது, ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை, கேன்சல் செய்யாமல் விட்டது. கடன் முடிந்ததும் பைனான்ஸ் கையெழுத்திட்ட படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் (பாக்கி இல்லை என்ற சான்று) ஆர்.டி.ஓ.வுக்குப் போய், ஆர்.சி.யிலிருந்து பைனான்ஸ் பெயர் நீங்க வேண்டும். பலர் என்.ஓ.சி.யை வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் பழைய பைனான்ஸ் பெயர் அப்படியே கிடக்கும். டோல்கேட்டில் நிற்பவர் போனில் அதைப் பார்த்ததும், "பாருங்க, எங்க பேருதான இருக்குது" என்பார். இந்தத் தப்பில் பாதிப் பங்கு ஓனருடையது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல், "மீதி டியூ நான் கட்டிக்கிறேன்" என்று ஓடும் கடனோடு வண்டி வாங்குபவர்கள் இந்தப் பதிவின் கணக்கில் வரமாட்டார்கள். அங்கே பைனான்ஸின் பார்வையில் தப்பான சீசிங்கே இல்லை.

இனி அந்த "சிவில் மேட்டர்". அது வெறும் சாக்கு அல்ல, பின்னால் சட்டம் இருக்கிறது. தவணை ஒப்பந்தத்தில் கட்டத் தவறியவரின் வண்டியை, ஒப்பந்தத்திலேயே இருக்கும் உரிமைப்படி பைனான்ஸ் எடுத்துக்கொண்டால் அது திருட்டாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் சரண்ஜித் சிங் சத்தா வழக்கில் சொன்னது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குவதற்கு வேர் இதுதான். அதே உச்ச நீதிமன்றம் 2007-ல் பிரகாஷ் கௌர் வழக்கில், அடியாட்களை வைத்து வண்டி பிடிப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. 2011-ல் விஜயலட்சுமி வழக்கில், தவணைக் கடனாக இருந்தாலும் பலாத்காரம் கூடாது, சட்ட வழியில்தான் மீட்க வேண்டும் என்றது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: பைனான்ஸுக்கு இருக்கும் பாதுகாப்பு முழுவதும் ஒப்பந்தத்திலிருந்து பிறப்பது. தப்பான வண்டிக்கு ஒப்பந்தமே இல்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சிவில் தகராறு எங்கிருந்து வரும்? நடுரோட்டில் ஒருவர் வண்டியை இன்னொருவர் மறித்துப் பிடுங்கினார், அவ்வளவுதான். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவு ஒருவரை வழிமறிப்பதைப் பற்றியது. ஒரு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிரைவரை "ஆபீஸுக்கு வாங்க" என்று கூட்டிப்போய் உட்கார வைத்தால் 127, ஓராண்டு வரை சிறை. திருட்டுக்கான 303-வது பிரிவுக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பிடித்த நிமிடத்தில் "தெரியாமல் நடந்தது" என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. ஆர்.சி.யையும் சேசிஸ் நம்பரையும் காட்டிய பிறகும் வண்டியை வைத்துக்கொண்டால் அந்தச் சமாதானம் நிற்காது. ஆகவே எத்தனை மணிக்குக் காட்டினோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். மறித்தவரின் போனுக்கே ஆர்.சி. படம், சேசிஸ் நம்பர் படம், என்.ஓ.சி. மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

அமெரிக்காவில் ஆளையே இப்படிப் பிடிக்கிற தொழில் உண்டு. அங்கே ஜாமீன் தொகையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டும் நிறுவனங்கள் உண்டு. ஆள் தப்பினால் பிடித்துவரக் கூலிக்கு ஆள் வைப்பார்கள். தப்பியவரை வேறு மாநிலம் வரை துரத்தலாம், தேவையானால் அவர் வீட்டை உடைத்தும் நுழையலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1872-ல் எழுதிய வரிகள்தான் அந்தத் தொழிலின் அஸ்திவாரம். 2015 ஆகஸ்டில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில், சமூக ஊடகத்தில் வந்த துப்பை நம்பி ஒரு கூட்டம் ஆயுதத்தோடு இரவில் ஒரு வீட்டைச் சூழ்ந்தது. அது அந்நகரப் போலீஸ் தலைவரின் வீடு. வந்தவர்களில் ஒருவர் அன்றே கைதானார். வேறொருவர் வீடாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்திருக்குமா என்பது என் சந்தேகம். அங்கேயும் தப்புக்குக் காரணம் நம் நாலு எண் போலத்தான். பாதித் தகவலை முழுதாக நம்பியது.

நம் நாட்டில் அந்தத் தொழிலுக்கு இடமே இல்லை. ஜாமீன் போட்டவருக்குப் பயம் வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 489-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். ஆளைக் கொண்டுவர வாரண்ட் போடுவது மாஜிஸ்திரேட். தனி ஆள் கைது செய்யும் உரிமை 40-வது பிரிவில் இருக்கிறது. அதுவும் தன் கண்முன்னே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்தால், அல்லது அவர் கோர்ட் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியாக இருந்தால் மட்டும். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். டியூ நிற்பது குற்றமே அல்ல. ஆகவே சீசிங்காரர் டிரைவர் கையைப் பிடித்து இழுக்க எந்தப் பிரிவும் உதவாது.

போலீஸுக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் ஒரு காகிதத்தில் நடக்கிறது. பிடிப்பதற்கு முன் ஒரு தகவல் கடிதம், பிடித்த பின் ஒன்று. ஸ்டேஷனில் ரைட்டர் வாங்கி சீல் போட்டுக் கொடுப்பார். அந்த சீலைத்தான் ரோட்டில் "போலீஸ் பர்மிஷன்" என்று காட்டுகிறார்கள். அது தபால் வந்து சேர்ந்ததற்கான சீல், அனுமதி அல்ல. அதன் உண்மையான நோக்கம் வேறு: வண்டி காணோம் என்று ஓனர் வந்தால் திருட்டா சீசிங்கா என்று ஸ்டேஷனுக்குத் தெரிய வேண்டும். வண்டியை எடுத்துக் கொடுக்கும் வேலை போலீஸுக்கு வருவது கோர்ட் உத்தரவிட்டால்தான். நடுவர் சட்டத்தின் 9-வது பிரிவில் கோர்ட் அட்வகேட் கமிஷனரை (கோர்ட் சார்பில் போகும் வக்கீல்) நியமித்து, போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவு போடுவதுண்டு. அப்படி ஒருவர் வந்தால் மறிக்காதீர்கள். உத்தரவில் இருக்கும் முழு நம்பர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மூன்றையும் வண்டியோடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள், கமிஷனர் அதைச் செய்தே ஆக வேண்டும்.

போலீஸ் சும்மா பக்கத்தில் நின்றால்? அமெரிக்காவில் 1992-ல் சோல்டால் வழக்கில், ஒரு டிரெய்லர் வீட்டை நில உரிமையாளர்கள் பெயர்த்து இழுத்துப் போனபோது ஷெரீஃப் ஆட்கள் வேடிக்கை பார்த்து நின்றார்கள். அதுவும் அரசியல் சாசனம் சொல்லும் கைப்பற்றலே என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நம் ஊருக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது என்றாலும் அதன் நியாயம் எனக்கு ஏற்புடையது. சீருடை பக்கத்தில் நின்றால் டிரைவர் சாவியை நீட்டிவிடுவார், யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை.

மறித்த இடத்தில் டிரைவர் செய்ய வேண்டியது: கேபினை விட்டு இறங்காமல், சாவியைக் கொடுக்காமல், அடையாள அட்டையையும் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான அங்கீகாரக் கடிதத்தையும் கேட்பது. கடிதத்தில் முழு நம்பர் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. கடன் வசூல் ஏஜென்டுகளுக்கு இந்திய வங்கியியல் நிதியியல் கழகத்தின் பயிற்சிச் சான்றும் உண்டு. பட்டதாரிக்கு 50 மணி நேரம், மற்றவருக்கு 100 மணி நேரப் பயிற்சி. அதையும் கேட்கலாம். போன் வீடியோ ஓடட்டும், 112-க்கு அழைக்கட்டும். அழைக்கும்போது "டியூ தகராறு" என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. "சம்பந்தமில்லாத ஆட்கள் வண்டியை மறிக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடக் கூடாது. நீட்டப்படும் காகிதம் "நானே மனமுவந்து ஒப்படைத்தேன்" என்ற சரண்டர் லெட்டராக இருக்கும். டிரைவருக்குப் படிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். மிரட்டி வண்டியை எடுத்துவிட்டால் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், இறங்கிவிடட்டும்.

லோடு ஏற்றிய வண்டி என்றால் கடிகாரம் ஓடுகிறது. சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும்தான் நீட்டிக்க முடியும். பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டில் வண்டி நிற்கும்போது அந்த நேரம் தாண்டிவிட்டால், அடுத்து ரோட்டில் ஜி.எஸ்.டி. சோதனையில் வரியைப் போல இரு மடங்கு அபராதம் காத்திருக்கும். ஆகவே முதல் வேலை பில்லை நீட்டிப்பது. நாமக்கல்லிலிருந்து கேரளா போகும் முட்டை லோடு சித்திரை வெயிலில் யார்டில் தாங்காது. சரக்கு மூன்றாம் நபருடையது. வண்டி மேல் உரிமை உண்டு என்பவருக்கும் சரக்கு மேல் கிடையாது. சரக்குக்காரரிடமிருந்து தனியாக ஒரு புகார் வாங்குங்கள், ஸ்டேஷனில் "சிவில்" என்ற சொல் அதன் முன் நிற்காது.

புகார் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இடம், நேரம், மறித்தவர்களின் பைக் நம்பர், முழு வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், "எனக்கும் இந்தப் பைனான்ஸுக்கும் ஒப்பந்தம் இல்லை" அல்லது "கடன் இந்தத் தேதியில் முடிந்தது" என்ற ஒரு வரி. ஃபாஸ்டேக் விவரத்தையும் ஜி.பி.எஸ். பதிவையும் இணையுங்கள், வண்டி எங்கே திசை மாறியது என்பது அதில் இருக்கும். சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்காமல் திரும்பாதீர்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதன் பிறகு மாஜிஸ்திரேட். அதே நாளில் ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு ஆட்சேபக் கடிதம் கொடுங்கள். பிடித்த வண்டியைப் பைனான்ஸ் தன் பெயருக்கு மாற்றுவது படிவம் 36-ல். உங்கள் கடிதம் கோப்பில் இருந்தால் அது சத்தமில்லாமல் நடக்காது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக முதலில் நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் காத்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஏராளமாக இருக்கும் பார்ட்னர்ஷிப் பைனான்ஸ்கள் அந்தக் கணக்கிலேயே வராது.

வண்டி திரும்பக் கிடைக்கும்போது யார்டு வாடகை கேட்பார்கள். தப்பு அவர்களுடையது என்றால் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அவசரத்துக்குக் கட்ட நேர்ந்தால் ரசீதில் "ஆட்சேபத்துடன்" என்று எழுதுங்கள். கேட்டைத் தாண்டும் முன் டயர் நம்பர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பன்னிரண்டு சக்கர வண்டி என்றால் ஸ்டெப்னியோடு பதின்மூன்று. பேட்டரி இரண்டு, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, டீசல் அளவு, யூரியா டேங்க். புது டயர் போய்ப் பழைய டயர் வந்தால், நம்பர் எழுதி வைக்காதவர் எதையும் நிரூபிக்க முடியாது.

இதற்கெல்லாம் கேபினில் ஒரு பிளாஸ்டிக் உறை போதும். ஆர்.சி. நகல், கடைசி மூன்று டியூ ரசீது அல்லது என்.ஓ.சி., டயர் நம்பர் பட்டியல், பென்சில் தேய்த்து எடுத்த சேசிஸ் பிரிண்ட். ஆக்டிங் டிரைவர் ஏறும் நாளில் சாவியோடு அந்த உறையையும் கையில் கொடுத்து, எது என்னவென்று ஒருமுறை பிரித்துக் காட்டிவிடுங்கள்.