புட்டுவின் தாடைக் கட்டி

புட்டு எங்கள் வீட்டு கினி பிக். பழுப்பு உடம்பில் இடையிடையே வெள்ளைப் பட்டை. சிவப்பரிசிப் புட்டில் தேங்காய்ப்பூ அடுக்கின மாதிரி இருக்கிறது என்று ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் வைத்த பெயர். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சுற்றிலும் ரப்பர் தோட்டமும் வாழையும். எங்கள் ஊரில் கோழி, ஆடு, பசு, நாய் எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. கினி பிக்கைப் பார்த்தால் "இது எலியா முயலா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் கழுவ அவனைத் தூக்கியபோது இடது தாடைக்குக் கீழே விரலில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. சிறு நெல்லிக்காய் அளவு. அழுத்தினால் வலிக்கிற மாதிரி தெரியவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கேரட்டைக் கடித்துவிட்டுக் கீழே போட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கேக் செய்ய வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதற்குள் அவனை உட்காரவைத்தேன். 812 கிராம். முன்பு எவ்வளவு இருந்தான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அதுவரை ஒருநாளும் எடை பார்த்ததில்லை. அன்றைக்கு எழுதி வைத்த அந்த எண்தான் பின்னால் ரொம்ப உதவியது.

மாமியார் வந்து பார்த்தார். "இது சலம் வச்ச கட்டியாக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்து போட்டா ரெண்டு நாள்ல பழுத்து உடஞ்சிரும்" என்றார். சலம் என்றால் எங்கள் பக்கம் சீழ். எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அவர் அப்படித்தான் குணமாக்கியிருக்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் இவன் காலால் முகத்தைத் துடைத்து அந்தக் காலை நக்குகிறவன். சுண்ணாம்பு வாய்க்குள் போனால் வெந்துவிடும். வேண்டாம் அத்தே என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த டாக்டர் தன்மையாகத்தான் பேசினார். முன்னால் சினை பார்க்க நின்ற இரண்டு பசுக்களை அனுப்பிவிட்டு இவனைப் பார்த்தார். கட்டியில் ஊசியைக் குத்தி இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார், சொட்டு இரத்தம் மட்டும். "மருந்திலேயே அமுங்கிவிடும்" என்று அமாக்சிசிலின் சிரப் எழுதினார். பூனைக்குட்டிக்குக் கொடுக்கிற அளவு, ஐந்து நாள். எடை பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று இரவு ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை கொடுத்தேன். சாயங்காலம் கூண்டைப் பார்த்தால் வழக்கமாகக் கை நிறைய அள்ளுகிற புழுக்கை பத்துப் பதினைந்துகூட இல்லை. இருந்ததும் கொழகொழவென்று ஒட்டியது. புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒரே வெப்ராளம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டது இது. கினி பிக்கின் ஜீரணம் முழுக்க அதன் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் பை மாதிரி இருக்கிற குருட்டுக்குடலிலும் இருக்கும் நல்ல பாக்டீரியாவை நம்பியிருக்கிறது. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் அந்த நல்லவை செத்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாளில் செத்துப்போகலாம். நாம் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற சிரப் அது. நாய்க்கும் பூனைக்கும் ஒன்றும் செய்யாது. இதற்கு விஷம்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இனி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, முதலில் போனில் கேட்க வேண்டும். "கினி பிக் பார்ப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "கொண்டு வாங்க பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன்: "என் கினி பிக்குக்குத் தாடையில் கட்டி, அமாக்சிசிலின் சிரப் இரண்டு வேளை கொடுத்திருக்கிறேன், தொடரலாமா?"

காலையில் நாகர்கோவில் தொடங்கித் திருவனந்தபுரம் வரை ஏழு இடத்துக்குக் கூப்பிட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் "கோர்ஸை முழுசாக முடியுங்கள்" என்றார்கள். ஒருவர் "நான் இதுவரை கினி பிக் பார்த்ததில்லை, வேறு இடம் பாருங்கள்" என்றார். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. ஏழாவது திருவனந்தபுரத்தில் ஒரு பெண் டாக்டர். கேள்வியை முடிக்கும் முன்பே "நிறுத்து, இனி ஒரு துளி கொடுக்கண்டா" என்றார். அடுத்த கேள்வி, "எத்ர கிராம் உண்டு?" அதற்கடுத்து, "புழுக்கை எப்படி இருக்கு?" இந்த இரண்டையும் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பது தெரியும். ஆனால் எங்களுக்கு அது நாகர்கோவில், ஆரல்வாய்மொழி எல்லாம் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் நாற்பது சொச்சம்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதியே நாங்கள் கேரளப் பக்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கால் இன்னும் எல்லையிலிருக்கிற களியக்காவிளையைத் தாண்டித்தான் போகிறது.

"இந்த எலிக்காக்கும் திருவனந்தபுரத்துல டாக்டர் பாக்கப் போறது?" என்றார் மாமியார். நான் பதில் சொல்லவில்லை. மகள் சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

கிளம்பும் முன் போனிலேயே கேட்டேன், மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில் கொண்டுவரணுமா என்று. நாய்க்கு அப்படித்தான் சொல்வார்கள். இதற்குக் கூடாதாம். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் ஓட்டமே நின்றுவிடும். வழியெல்லாம் தின்னக் கூடைக்குள் புல் போடச் சொன்னார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழுந்தன் காரில் புறப்பட்டோம், வெயில் ஏறினால் இவை தாங்காது என்பதால். தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூடையின் ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். வேண்டுமானால் சாய்ந்துகொள்ளட்டும், வேண்டாமென்றால் தள்ளி உட்காரட்டும். நெய்யாற்றின்கரை வரை சுகமாகப் போனோம். பாலராமபுரத்தில் வழக்கம்போல நெரிசல்.

டாக்டர் முதலில் எடை போட்டார். 748. நான்கு நாளில் 64 கிராம் போயிருக்கிறது. ஐம்பது கிலோ ஆள் நான்கு கிலோ இளைத்த மாதிரி என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், தாடையை எக்ஸ்ரே எடுத்தார். கினி பிக்குக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும். பல் வேரில் சலம் பிடித்திருந்தால் கட்டியை மட்டும் கீறிப் பயனில்லை, திரும்பத் திரும்ப வரும். நல்லவேளை, எலும்பும் வேரும் சுத்தமாக இருந்தன. கழுத்து நெறிகட்டியில் கிருமி இறங்கியிருக்கலாம் என்றார். "என்ன தீனி?" என்று கேட்டார். புல் கிடைக்காத நாளில் பக்கத்து வீட்டிலிருந்து வைக்கோல் வாங்கிப் போடுவேன் என்றேன். முரட்டுத் தாள் வாய்க்குள் குத்தினால் அந்தப் புண் வழியாகவே இது வரலாம், அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் நிறுத்திவிடு என்றார்.

மூக்கில் சின்ன முகமூடி வைத்து வாயு மயக்கம் கொடுத்துக் கட்டியைக் கீறினார். நாற்பது நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் கூப்பிட்டுத் துணியில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். பற்பசைப் பதத்தில் வெள்ளையாக, கெட்டியாக. இவற்றின் சலம் இப்படித்தான் இருக்குமாம். ஊசியில் ஏன் வரவில்லை என்று அப்போது புரிந்தது. மருந்தும் அதற்குள் சரியாக இறங்காது, அதனால் முதலில் திறந்து எடுத்தே ஆக வேண்டும். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கக் கொஞ்சத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்.

புண்ணைத் தைக்கவில்லை. எனக்குத் திக்கென்றது, தாடைக்குக் கீழே ஓட்டையோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று. உள்ளிருந்து வெளியே ஆற வேண்டும், மேலே மூடினால் உள்ளே மறுபடி சலம் கட்டும் என்று விளக்கினார். கிருமிக்கு என்ரோஃப்ளாக்சசின் சொட்டு, வலிக்கு மெலாக்சிகம், இரண்டும் எடைக்குத் தகுந்த அளவில். எத்தனை மில்லி என்று இங்கே எழுதவில்லை, அது 748 கிராம் புட்டுவுக்கான கணக்கு. அன்றைய செலவு எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். மாமியாரிடம் பாதியைத்தான் சொன்னேன்.

உண்மையான வேலை வீட்டில்தான் தொடங்கியது. காலையும் மாலையும் ஊசி கழற்றின சிரிஞ்சில் சலைன் ஏற்றிப் புண்ணுக்குள் பீய்ச்ச வேண்டும், வெளியே வருவது தெளிவாகும் வரை. கொழுந்தன் துண்டில் சுற்றிப் பிடிக்க, நான் பீய்ச்ச, மகள் கொத்தமல்லித் தழையை அவன் வாய்க்கு நேரே ஆட்டிக்கொண்டிருப்பாள். முதல் நாள் கை நடுங்கிப் பாதி சலைன் என் சேலையில்.

அதைவிடக் கஷ்டம் ஊட்டுவது. தானாகத் தின்னும் வரை மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சிரிஞ்சின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்துத் துளித்துளியாக. நேராக வைத்து அழுத்தினால் புரையேறும். மென்று விழுங்கின பிறகுதான் அடுத்தது. மனுஷரைப் போலவே இவற்றின் உடம்பிலும் வைட்டமின் சி உண்டாகாது. அது இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும். அதனால் நெல்லிக்காயைத் துருவிப் பிழிந்த சாற்றில் சில சொட்டுக் கூழில் சேர்த்தேன். முகத்தைச் சுளிப்பான், ஆனாலும் விழுங்குவான்.

மறுநாள் எடை 739. அதற்கடுத்த நாள் 731. அதைப் பார்த்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் தனியாக அழுதேன். மூன்றாம் நாளும் 731. நான்காம் நாள் காலை கூண்டில் கெட்டியான புழுக்கை கிடந்தது. எண்ணினேன், 43. புழுக்கையை எண்ணிச் சந்தோஷப்படுகிற நிலைமை வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள் ஒரு தவறு செய்தேன். புண்மேல் பொருக்கு கட்டி அழகாக மூடியிருந்தது. ஆறிவிட்டது என்று ஒருநாள் கழுவாமல் விட்டேன். மறுநாள் பட்டாணி அளவில் மறுபடி ஒரு முண்டு. புகைப்படம் அனுப்பினேன், உடனே வரச் சொன்னார். இந்தமுறை மயக்கம் இல்லாமலே பொருக்கை நனைத்து எடுத்துக் கழுவிவிட்டார். கல்ச்சர் முடிவும் வந்திருந்தது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கொடுக்கிற மருந்துக்குக் கேட்கிறது என்றார். அன்றிலிருந்து வெதுவெதுப்பான சலைனில் நனைத்த பஞ்சால் பொருக்கை இளக்கிவிட்டுத்தான் கழுவினேன். ஓட்டை கடுகளவாகி, உள்ளே சலைன் போக இடமே இல்லாமல் ஆனபோது 24 நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு எடை 826.

அப்புறம் ஒருநாள் மீதி அமாக்சிசிலின் பாட்டிலை எடுத்துக்கொண்டு அதே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போடத்தான் நினைத்துப் போனேன் என்பதை மறைக்க வேண்டாம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "எங்களுக்கு நாள் பூரா பசுவும் ஆடும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, திருவனந்தபுரத்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். கருங்கல் பக்கமிருந்து ஒருவர் முயல் கொண்டுவந்திருக்கிறாராம், கன்னத்தில் கட்டி. "முயலுக்கும் அந்தச் சிரப் கூடாதுதானே? அந்த டாக்டரம்மா நம்பர் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.