சித்திரை வெயிலும் குண்டுமல்லியும்
சித்திரை வெயில் நமக்குத்தான் கொடுமை, குண்டுமல்லிக்குக் கொண்டாட்டம். இப்போதும் மொட்டு வரவில்லையென்றால் செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும். கவாத்தும், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதும், முக்கியம். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் புதுத் துளிரின் நுனியில்தான் பூ. தவறவிட்டவர்கள் பூத்து முடிந்த நுனிகளை இரண்டு கணு கீழே வெட்டிவிடுங்கள்.

மொட்டு ஊதாவாகி உதிர்கிறதா? பெரும்பாலும் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பொறுக்கி அழித்துவிட்டு, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை: ஃபெரஸ் சல்பேட்டை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளியுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் புதர்தான் வளரும்!