மூன்று வில்லியம்

ஒரே பக்கத்தில் மூன்று வில்லியம்!

பூட்டனைத் தேடித்தான் இன்று திருகோணமலைக்கு வந்து, எங்கள் கிராமத்து மெதடிஸ்த ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தேன். கறையான் அரித்த ஓரம், மண்நிறமாகிப்போன மை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அப்புறம் எந்த வில்லியம் எங்களுடையவர்?

1814இல் மட்டக்களப்புக்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அடுத்த வருடமே அங்கேயே இறந்துபோனார். அவர் நினைவாக வைத்த பெயர்களோ என்று தோன்றியது.

அம்மம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"தாயின்ர பேரைப் பார் மோனே. அப்பாவைப் பெத்தவட பேரைத்தான் எனக்கு வச்சவை."

இரண்டாவது வரி. அத்தனை வேதாகமப் பெயர்களுக்கு நடுவே, வள்ளியம்மை.

விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை.