எழும்பூர் சந்தில் ஒரு புத்தர்

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் என்றால் லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கேயே மகாபோதி சங்கத்தின் புத்தர் கோயிலும் இருக்கிறது. பெட்டியோடு ஓடுகிறவர்கள் எங்கே கவனிக்கப் போகிறார்கள்? மதியம்தான் வைகை எக்ஸ்பிரஸ் என்பதால் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

செருப்பை விட்டதுமே அம்மா கேட்டார்: "இங்க திருநீறு குடுப்பாங்களாடா?"

திருநீறு, தீர்த்தம், அர்ச்சனைச் சீட்டு எதுவும் இல்லை. அமர்ந்த கோலத்தில் புத்தர், முன்னால் பூவும் விளக்கும், அவ்வளவுதான். பேர், நட்சத்திரம் கேட்க ஆள் இல்லாததில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

வெள்ளை உடையில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். புத்தகயா போகிற வழியில் இங்கே தங்கிச் செல்வது அவர்கள் வழக்கம். பிக்கு சொல்லச் சொல்ல, "புத்தம் சரணம் கச்சாமி" என்று தொடங்கி புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளையும் மும்முறை சரணடைந்தார்கள். அம்மாவும் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சந்தில் இலங்கை யாத்திரிகர்களைப் பார்ப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தனுஷ்கோடியில் போட் மெயில் ரயிலைப் பிடித்தால் எழும்பூரில்தான் வந்து இறங்குவார்கள்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு அடுத்த சந்தேகம். "இவரு சிங்களச் சாமியா, நம்ம சாமியா?"

"நம்ம சாமிதாம்மா" என்றேன். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன்தானே நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான்! 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை போய் தீட்சை பெற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதையும் சொன்னேன். அம்மா முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று ஆட்டோ பிடித்து பாந்தியன் சாலை மியூசியத்துக்குப் போனோம். நாகப்பட்டினத்தில் மண்ணிலிருந்து கிடைத்த செப்புப் புத்தர்கள் அங்கே இருக்கிறார்கள், தலை உச்சியில் தீச்சுடரோடு. அம்மா உற்றுப் பார்த்தார். "நம்ம ஊரு ஸ்தபதி கை மாதிரியே இருக்கு" என்றவர், கண்ணாடிக்கு வெளியே நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த காலேஜ் பையன்கள் சிரித்தார்கள்; அவர் கண்டுகொள்ளவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்று மியூசியத்துக்கு விடுமுறை.