84.5 கிலோ பெஞ்ச் பிரஸ்ஸும் நான்கு அரைக் கிலோத் தகடுகளும்

நேற்று மாலை 84.5 கிலோ பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ஐந்துக்கு ஐந்து, அதாவது ஐந்து செட், செட்டுக்கு ஐந்து முறை, குறையில்லாமல் முடிந்தது. கடைசி செட்டின் கடைசி முறையிலும் பாரை, அதாவது எடை மாட்டும் கம்பியை, நெஞ்சில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் ஏற்றினேன். போன ஆண்டு முழுவதும் 75 கிலோவில் அசையாமல் நின்று என் பொறுமையைச் சோதித்த அதே பெஞ்ச் பிரஸ்தான் இது. பயிற்சித் திட்டத்தை மாற்றவில்லை. புதிதாக எந்தப் புரோட்டீன் மாவையும் வாங்கிக் கரைத்துக் குடிக்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: பாரின் இரண்டு முனைகளிலும் ஏறும் அரைக் கிலோத் தகடு.

திட்டம் எல்லாருக்கும் தெரிந்த பழைய திட்டம். வாரத்தில் மூன்று நாள், இரண்டு விதமான நாட்கள் மாறி மாறி. முடித்தால் அடுத்த முறை எடையைக் கூட்டு. மூன்று முறை தொடர்ந்து முடியாவிட்டால் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறு. ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 130-க்கு வந்த பிறகு நடுநாளை லேசான நாளாக்கிக்கொண்டேன். மற்றபடி கை வைக்கவில்லை. பெஞ்ச் பிரஸ் நின்றுபோனதும், தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "இந்தத் திட்டம் உனக்கு முடிந்துவிட்டது, வேறு எடு" என்றார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஸ்குவாட்டும், தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டும் அதே திட்டத்தில்தானே ஏறிக்கொண்டிருந்தன?

கணக்கைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 2.5 கிலோ. 130 கிலோ ஸ்குவாட்டுக்கு அது இரண்டு சதவீதம்கூட இல்லை. 72.5 கிலோ பெஞ்ச் பிரஸ்ஸுக்கு மூன்றரை சதவீதம். நின்றபடி தலைக்கு மேல் தள்ளும் 45 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு ஐந்தரை சதவீதத்துக்கு மேல். தொடைக்கும் தோளுக்கும் ஒரே படி உயரத்தை வைத்துவிட்டு, தோள் ஏறவில்லை என்று திட்டத்தைக் குறை சொல்வது எந்த நியாயம்? படியைச் சிறிதாக்க வேண்டும், அவ்வளவுதான்.

இணையத்தில் அரைக் கிலோ பிளேட்டுகள் விற்கிறார்கள். அந்த விலைக்கு எனக்கு மனம் வரவில்லை. அதைவிட முக்கியமாக, எடை மேல் நம்பிக்கை வரவில்லை. முன்பு ஒரு கடையில் வாங்கிய பத்துக் கிலோ வார்ப்பிரும்பு பிளேட்டுகளில் ஒன்று 9.6, இன்னொன்று 10.3. போட்டிக்கான பிளேட் என்றால் குறித்த எடையிலிருந்து 0.25 சதவீதம் அல்லது 10 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதி. பத்துக் கிலோவிலேயே 300, 400 கிராம் கூடக்குறைய இருந்தால், அதன்மேல் அரைக் கிலோவைத் துல்லியமாக ஏற்றி என்ன பயன்? அதனால் முதலில் இருக்கும் பிளேட்டுகளையெல்லாம் நிறுத்து, உண்மையான எடையை ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்டால் எழுதி, நெருங்கிய எடைகளை ஜோடி சேர்த்தேன். எந்த நாளும் அதே பிளேட் அதே பக்கம். இதைச் செய்யாதவர்கள் சிறிய தகடுகளுக்குப் போக வேண்டாம்.

வாஷரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம் என்றார் ஒரு நண்பர். ஆடும். பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு முனை ஆடினால் என்னால் சகிக்க முடியாது.

ஆகவே பங்குனியில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் படகு வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். சித்திரை பிறந்துவிட்டால் பட்டறைக்காரர் பாய் நம் பக்கம் திரும்பவே மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் அத்தனையும் கரையில்தான். தண்டு, விசிறி, புஷ் என்று பட்டறை வாசல் நிரம்பிவிடும்.

"பாய், நான்கு தகடு வேண்டும். ஒவ்வொன்றும் சரியாக 500 கிராம்."

"அளவைச் சொல் தம்பி. லேத்துக்கு எடை தெரியாது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். பாரின் முனைக்குழாய் 50 மி.மீ. என்பதால் தகட்டின் துளை 51. தடிமன் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் வெளிவிட்டம் 127 மி.மீ. வருகிறது, சரியாக ஐந்து அங்குலம். இந்த மூன்று அளவுகளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆனால் தகட்டுக் கடையில் "ஆறு மில்லி" என்று தருவது ஆறு மில்லி அல்ல. தடிமன் அளக்கும் வெர்னியரில் 5.8 காட்டியது. இந்த அளவுத் தகட்டில் தடிமனில் 0.1 மி.மீ. குறைந்தால் எட்டுக் கிராம் போய்விடும். 5.8 என்றால் விட்டம் 129-ஐ ஒட்டி இருந்தால்தான் 500 கிராம் வரும். எனவே கேஸ் கட்டிங்கில் 135-ஆகப் பெரிதாக வெட்டி, துளையை முதலில் 51-க்குக் குடைந்து, நான்கு தகடுகளையும் ஒரே தண்டில் அடுக்கி நட்டு போட்டு இறுக்கி, வெளிவிட்டத்தை மட்டும் கடைந்தோம். அடுக்கிக் கடைந்தால் நான்குக்கும் ஒரே விட்டம். கேஸ் வெட்டிய விளிம்பில் கசடு ஒட்டியிருக்கும். அதைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு லேத்தில் ஏற்றுவதுதான் டூலுக்கு நல்லது. நீலமாகச் சுருண்டு விழும் சீவல் ஒரே சீராக வரத் தொடங்கியதும் பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. விட்டத்தில் ஒரு மில்லி இறங்கினால் ஒன்பது கிராம் குறைகிறது என்று நான் சொல்ல, அவர் கால் மில்லி கால் மில்லியாக இறக்கினார். பக்கத்து மளிகைக் கடையின் மின்னணுத் தராசு அன்று மதியம் பாதி நேரம் எங்களிடம்தான் இருந்தது.

500-இல் நிறுத்தவில்லை. 497-இல் நிறுத்தினோம். வண்ணம் ஏறும்போது மூன்று நான்கு கிராம் கூடும். கூடுதலாக இருந்த ஒரு தகட்டில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டோம். அப்படி ஒரு துளைக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கழியும். விளிம்பை அரை மில்லி மழுக்கச் சொல்ல மறவாதீர்கள், கடைந்த விளிம்பு கையைக் கிழிக்கும். பெயிண்ட் காய்ந்த பிறகு ராமநாதபுரத்தில் என் மாமாவின் நகைக்கடைத் தராசில் வைத்தேன். 499, 500, 501, 500. விலை கொடுத்து வாங்கும் போட்டி பிளேட்டுக்கு இது எந்த வகையிலும் இளைத்ததில்லை.

வண்ணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரும்பு வைத்திருப்பது மற்ற ஊர்களில் வைத்திருப்பது போல அல்ல. மண்டபத்தில் ஒரு பக்கம் வடகடல், மறு பக்கம் தென்கடல். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள்தான் வருகிறது. கடைந்த வெற்று இரும்பை இரவு முழுவதும் வெளியே வைத்தால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். கடைந்த அன்றே மண்ணெண்ணெயால் துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அதன்மேல் படகுக்கு அடிக்கும் எனாமல் இரண்டு கை. துளையின் உள்பக்கம் வண்ணம் வேண்டாம், பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவினால் போதும்.

பாருக்கும் இதே தொல்லை. உப்புக்காற்று ஒரு பக்கம், சாக் (chalk) பொடி மறுபக்கம். கைக்குப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். பாரின் சொரசொரப்பான வரிகளுக்குள் அது தங்கிவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மெஷின் ஆயில் ஒரு துளி, பிறகு உலர்ந்த துணி. வரிக்குள் பழைய பொடி இருக்கும்போது மேலே எண்ணெய் விட்டால் குழம்பாகிப் பிடி வழுக்கும். வாங்குகிறவர்கள் இந்தக் கடற்கரையில் துருப்பிடிக்காத எஃகு பாருக்கே காசு சேர்க்கட்டும். பளபளப்பான குரோம் பூச்சுக்கு நம்பிக் கொடுத்த பணம் எனக்கு வீண்தான். ஓரத்தில் உரிந்து உள்ளே துரு ஓடுகிறது.

பெஞ்சின் ரெக்சின் மேல் படகுப் பாய்த்துணியை இழுத்துக் கட்டித் தைத்திருக்கிறேன். வியர்வையில் முதுகு வழுக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல துணி நான் பார்த்ததில்லை.

தகடுகள் வந்த பிறகு 72.5-க்கு இறங்கி அங்கிருந்து தொடங்கினேன். 73.5, 74.5, 75 என்று வாரத்துக்கு ஒரு கிலோவோ அரைக் கிலோவோ. பழைய எல்லையான 75-ஐத் தாண்டிய அன்று பாரில் இருந்தது 76. கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். போன வாரத்தைவிடக் கனமாக இருக்கிறது என்று உடம்பு புகார் சொல்லாத அளவுக்குக் கூட்டுவது. 79.5-இல் சில வாரம் நின்றது. முன்பு என்றால் பத்து சதவீதம் இறக்கியிருப்பேன். இப்போது ஒரு ஜோடித் தகட்டை மட்டும் கழற்றி ஒரு கிலோ இறங்கி மறுவாரம் திரும்பி வந்தேன், ஏறிவிட்டது. போட்டியில் எடை 2.5 கிலோ படியாகத்தான் ஏறும், சாதனை முயற்சிக்கு மட்டும் அரைக் கிலோ. பயிற்சிக்கு அந்தக் கட்டாயம் எதற்கு? வீட்டில் ஏறுவது ஒவ்வொரு கிலோவாக ஏறட்டும், மேடையில் 2.5-ஆகக் கேட்டுக்கொள்ளலாம்.

தடைக்காலத்தில் சாப்பாடு சற்றுச் சிரமம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிவிடும். முட்டையும் கருவாடும் வைத்து ஓட்டினேன். இப்போது சாளை மலிவாகக் கிடைக்கிறது, கவலையில்லை.

அடுத்து ஓவர்ஹெட் பிரஸ். அது இன்னும் 47.5-ஐத் தாண்டவில்லை, ஒரு கிலோவும் அதற்கு அதிகம். அதே 127, அதே 51, தடிமன் மட்டும் 3 மி.மீ. என்றால் 250 கிராம் வரும், ஜோடி அரைக் கிலோ. தகடு வாங்கிவிட்டேன், வெர்னியரில் 2.9 காட்டுகிறது. அதற்குள் டெட்லிஃப்டுக்குப் பனஞ்சட்டத்தில் ஒரு மேடை போட வேண்டும் என்ற எண்ணமும் வந்துவிட்டது. உச்சிப்புளிப் பக்கம் முற்றிய பனை வெட்டிய ஒருவரிடம் சட்டம் இருக்கிறதாம்; இரண்டரை மீட்டர் நீளம் கேட்டிருக்கிறேன். மழைக்கு முன் எது முடிகிறதோ தெரியாது. பாய் தகடுகளைத் தந்ததும் நான்கின் எடையையும் எழுதுகிறேன்.